சொந்தமாகக் கட்டிய சி.என்.சி. ஏன் இடம் தவறுகிறது?

"ஏனுங்க, முதல் பலகை சுத்தமா வருதுங்க. நாலாவது பலகைக்குப் போறப்போ பூ டிசைன் ஒரு பக்கமா நகந்துருது. மோட்டார் போச்சுங்களா, இல்ல புரோகிராம் தப்புங்களா?" அவிநாசிப் பக்கம் மரவேலை செய்யும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலுமினியச் சட்டம், 5 மி.மீ. லீட் பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டு), ஸ்டெப்பர் மோட்டார் எல்லாம் வாங்கி அவரே கட்டிய, கணினிச் சொற்படி மரத்தில் டிசைன் வெட்டும் மெஷின். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார்.

பட்டறையில் பூஜை போடுவது தொழிலுக்குச் செய்யும் மரியாதை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழுதுக்குத் திருஷ்டிதான் காரணம் என்று முடிவு கட்டினால் தேடுவது அங்கேயே நின்றுபோகும். இந்தப் பழுதோ, தான் எங்கிருந்து வருகிறது என்பதைத் தானே எண்ணாகச் சொல்லக்கூடியது.

ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கண் கிடையாது. கன்ட்ரோலர் ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின்துடிப்பு, அனுப்பினால் ஒரு சின்ன ஸ்டெப் எடுத்து வைக்க வேண்டும். நகர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோட்டாரின் உள்ளேதான் விஷயம் இருக்கிறது.

சுழலும் தண்டில் பல் வெட்டிய இரண்டு இரும்பு வட்டுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 50 பற்கள். நடுவில் நிலைக்காந்தம் இருப்பதால் ஒரு வட்டு முழுக்க வடதுருவம், மற்றது முழுக்கத் தென்துருவம். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி அரைப்பல் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். சுற்றியுள்ள காயில்களில் மின்சாரம் முறை மாறி ஓட ஓட, நான்கு முழு ஸ்டெப்பில் தண்டு சரியாக ஒரு பல் தூரம் நகரும். 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 டிகிரி. அதில் நாலில் ஒன்று, நமக்குப் பழக்கமான 1.8 டிகிரி.

கட்டர் மரத்தில் அழுந்தும்போது தண்டு, காந்தப்புலத்துக்குக் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கப் பின்தங்க இழுவிசை கூடும். ஒரு ஸ்டெப் தூரம் பின்தங்கியபோது இழுவிசை உச்சத்தில் இருக்கும், அதற்கு மேல் குறையும். இரண்டு ஸ்டெப்பைத் தாண்டிவிட்டால் முந்தைய பல்லுக்கான இடம்தான் பக்கம், காந்தமும் அங்கேயே பிடித்து இழுத்துவிடும். படியில் கால் வழுக்கியவர் அரைப்படியில் நிற்க முடியாது, கீழ்ப்படியில்தான் நிற்பார் அல்லவா, அதுபோல. ஆக, மோட்டார் ஒரு ஸ்டெப்பையோ இரண்டையோ மட்டும் தவறவிட்டு நிற்காது. தவறினால் நான்கு நான்காகத்தான் தவறும். ஒரு முழு ஸ்டெப்பை எத்தனை மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்து வைத்திருந்தாலும் இது மாறாது. காயிலில் ஓடும் மின்சாரமும் அந்த இரண்டு இடங்களுக்கும் ஒன்றேதான், அதனால் தவறிய பிறகும் மோட்டார் அமைதியாக வேலையைத் தொடரும்.

இப்போது 7.2 டிகிரியை 5 மி.மீ. ஸ்க்ரூவில் போட்டுப் பாருங்கள்: சரியாக 0.1 மி.மீ.! எனக்கு இதில் தீராத மகிழ்ச்சி. எந்த மரமாக இருந்தாலும் எந்தக் கட்டராக இருந்தாலும் தப்பு 0.1, 0.2, 0.7 என்றுதான் நிற்கும், 0.16 என்று நிற்காது.

நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, ஜீரோவில் முள்ளை வைத்து, வேலையை ஓட்டி, மறுபடி ஜீரோவுக்குக் கொண்டுவாருங்கள். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூவின் பிளேயும் (தளர்வும்) சேர்ந்துகொள்ளும். பிளே ஓட ஓட அதிகமாகாது, திசை திரும்பும்போது மட்டும் காட்டும். 0.1-இன் மடங்காக வந்தால் மோட்டாருக்கு விசை போதவில்லை. வேகம் கூடும்போது காயிலில் மின்சாரம் ஏற நேரம் கிடைக்காது: 600 ஆர்.பி.எம்.-இல் ஒரு முழு ஸ்டெப்புக்கு அரை மில்லிசெகண்ட்தான். ஆக்சிலரேஷனைக் குறையுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டு தாங்குமானால் 24 வோல்ட் சப்ளையை 48 ஆக்கலாம், மின்சாரம் இரட்டிப்பு வேகத்தில் ஏறும்.

மடங்கில் வராமல், திசை மாறும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போனால் சிக்னல் பக்கம் பாருங்கள். டிரைவருக்கு "திரும்பு" என்ற சிக்னல், பல்ஸுக்குச் சில மைக்ரோசெகண்ட் முன்பே போய்ச் சேர வேண்டும். டிரைவரின் உள்ளீட்டில், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் சட்டென்று ஆன் ஆகும், மெதுவாக ஆஃப் ஆகும். அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் முதல் பல்ஸ் பழைய திசையிலேயே போய்விடலாம். ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸுக்கு 0.003 மி.மீ.; எதிர்ப்பக்கம் போவதால் தப்பு இரட்டிப்பாகி ஒவ்வொரு முறையும் 0.006 மி.மீ. அளவுக்கு நகரும், நூறு முறைக்கு 0.6. மரமே இல்லாமல் காற்றில் ஓட்டினாலும் இந்தத் தப்பு அப்படியே வரும்.

இரண்டிலும் சேராமல் தாறுமாறாக வந்தால், மோட்டார் தண்டை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கையும் தண்டையும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். கோடு பிரிந்தால் கப்ளிங்கைத் தண்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ லூஸ். பிரியாவிட்டால் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கிளப்பும் மின் இரைச்சலைச் சந்தேகியுங்கள். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை எர்த் செய்து பாருங்கள்.

1937-லேயே ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்துகாட்டிய மண் கோவை. இங்கே பாலிடெக்னிக் லேபுக்குப் பல லட்சத்தில் சி.என்.சி. வாங்கிக் கண்ணாடி அறையில் வைப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு ஸ்டெப்பர் மோட்டாரும் டயல் கேஜும் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிரிக்கவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

அவிநாசி நண்பர் முதலில் காற்றில் ஓட்டி ஒரு அளவும், அதே புரோகிராமை மரத்தில் ஓட்டி ஒரு அளவும் எடுத்து அனுப்பட்டும். மைக்ரோஸ்டெப் எத்தனை வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதினால், பழுது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.