பெருந்தொற்றுக்குப் பின் ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒதுக்கிய 70,051 கோடி: எதற்காக, யாரிடம் கேட்பது?

கொரோனா செலவு என்றதும் ஆக்சிஜனும் வென்டிலேட்டரும்தான் நினைவுக்கு வரும். ஒன்றிய அரசு 2020 ஏப்ரலில் ஒப்புதல் அளித்த 15,000 கோடி ரூபாயும், 2021 ஜூலையில் மாநிலப் பங்கோடு சேர்த்து அறிவித்த 23,123 கோடியும் பெரும்பாலும் அந்த அவசரத்துக்கானவை. ஊர்ப்புறத்தில் விழுந்த சுமை வேறு. கிராம சுகாதார செவிலியர்கள் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் தடுப்பூசி முகாமுக்கும் ஓடினார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள எத்தனையோ பேரின் தொடர் சிகிச்சை நடுவில் நின்றது. தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒன்றிய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, என்.கே. சிங் தலைமையில், உள்ளாட்சிகள் வழியாக 70,051 கோடி ரூபாய் சுகாதார மானியத்தைப் பரிந்துரைத்தது. காலம் 2021-22 முதல் 2025-26 வரை. கிராமப்புறத்துக்கு 43,928 கோடி, நகர்ப்புறத்துக்கு 26,123 கோடி. தொகை பெரிதாகத் தெரியும். நாட்டு மக்கள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 100 ரூபாய்தான். அதனால்தான் இதில் ஒரு ரூபாய்கூட வேறு பக்கம் திரும்பக் கூடாது என்கிறேன்.

இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பது வரையறுக்கப்பட்டது. கிராமப்புறத்தில் பெரிய பங்கு, 16,377 கோடி, பரிசோதனை வசதிக்கு. துணை சுகாதார நிலையத்தில் 14 வகை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63 வகை பரிசோதனைகள் கிடைக்க வேண்டும் என்பது தேசிய அளவுகோல். ஒரு ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறுகிறவருக்கு இதன் அருமை தெரியும். சொந்தக் கட்டடம் இல்லாத நிலையங்களுக்கு 7,167 கோடி, வட்டார அளவில் ஆய்வகமும் சுகாதாரத் தகவல் பிரிவும் கொண்ட பொது சுகாதார அலகுகளுக்கு 5,279 கோடி, இருக்கும் நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்ற 15,105 கோடி. நகர்ப்புறப் பங்கில் 24,028 கோடி நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு. தமிழ்நாட்டில் 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் 500 மையங்கள் திறக்கப்பட்டது இந்த வழியில்தான்.

உள்ளாட்சி வழியாக ஏன்? அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளில் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது. ஆகவே கணக்குக் கேட்க வேண்டிய முதல் இடம் கிராம சபை. “நம் துணை சுகாதார நிலையத்துக்கு இந்த மானியத்தில் என்ன வேலை ஒதுக்கினார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது?” என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒதுக்கீடு வேறு, வந்து சேர்ந்த தொகை வேறு. பதில் கிடைக்காவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரிடமும், மாநகராட்சிப் பகுதியில் நகர்நல அலுவலரிடமும் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.