157 மீட்டர் பேராலயம் ஒரு நாணயத்துக்குள் எப்படி நுழைகிறது?

ஜெர்மனி 2011இல் வெளியிட்ட 2 யூரோ நினைவு நாணயத்தில் கொலோன் பேராலயம் இருக்கிறது. நிஜத்தில் அதன் கோபுரங்கள் 157 மீட்டர் உயரம். நாணயத்தின் விட்டமோ 25.75 மில்லிமீட்டர்தான்; அதிலும் வெளிவளையத்தை நட்சத்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆக, கட்டடம் குறைந்தது எட்டாயிரம் மடங்கு சுருங்க வேண்டும்.

உயரத்தைச் சுருக்குவது பெரிய விஷயமில்லை. ஆழம்தான் சிக்கல். பேராலயத்தின் அகலம் சுமார் 86 மீட்டர். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதுதான் ஆழம். அதே கணக்கில் சுருக்கினாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வந்துவிடும். நாணயத்தின் மொத்தத் தடிமனே 2.2 மில்லிமீட்டர், உருவம் எழும்ப அதில் சிறு பங்குதான் கிடைக்கும். விளிம்பைத் தாண்டித் துருத்தவும் கூடாது. துருத்தினால் நாணயங்களை அடுக்க முடியாது, உருவமும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அதனால் சிற்பி ஆழத்தைச் செதுக்குவதில்லை. ஆழம் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கிறார். மேடுபள்ளத்தை நம் கண் பெரும்பாலும் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துத்தான் ஊகிக்கிறது. ஒரு தூணின் பக்கம் சற்றே சரிந்திருந்தால் போதும். அது இருண்டு, தூண் முன்னால் வந்து நிற்பதுபோல் தெரியும். உயரத்தைவிடச் சரிவின் கோணம்தான் இங்கே முக்கியம். நேர்குத்தான சுவர்கூட நாணயத்தில் லேசான சரிவோடுதான் எழும்பும். இல்லையென்றால் அடித்த நாணயம், உருவத்தை அழுத்திப் பதிக்கும் எஃகு அச்சைவிட்டுச் சுலபமாகக் கழன்று வராது.

இந்தச் சிற்பத்தை முன்பெல்லாம் பெரிய பிளாஸ்டர் தட்டில் செய்தார்கள். அப்புறம் ஓர் இயந்திரத்தின் முனை அதன் பிரதியை மெல்லத் தடவிக்கொண்டே போகும். அதோடு இணைந்த இன்னொரு முனை அதே அசைவை நாணய அளவுக்குக் குறைத்து எஃகில் செதுக்கும். இப்போது பெரும்பாலும் கணினி மாதிரிதான். எப்படியானாலும் கடைசியில் வேண்டியது, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிய எஃகு அச்சு.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இன்னும் உருவம் பதியாத உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது உலோகம் உருகுவதில்லை. திடமாக இருந்தபடியே, ஈரக் களிமண் போல நகர்ந்து பள்ளங்களுக்குள் ஏறுகிறது. ஆனால் இருப்பது அளவான உலோகம். ஒரு பக்கத்து முகம் அதிகம் இழுத்துக்கொண்டால், அதற்கு நேர் பின்னால் உள்ள கட்டடத்துக்குப் பற்றாமல் போகும். அமெரிக்காவின் 5 சென்ட் நாணயத்தைப் பாருங்கள். 1938இல் முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் தலையும் அவருடைய மாண்டிசெல்லோ மாளிகையும் அதில் இடம்பிடித்தன. மாளிகையின் வாசற்படிகள் பல நாணயங்களில் மழுங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கும். அந்த இடத்துக்கு நேர் பின்னால் ஜெஃபர்சன் உருவத்தின் மேடான பகுதி வருகிறது. உலோகம் அங்கே போய்விடுகிறது. சேகரிப்பாளர்கள் லென்ஸ் வைத்துப் படிகளை எண்ணுவார்கள். ஐந்தோ ஆறோ தெளிவாகத் தெரிந்தால் விலையே வேறு.

சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடிக்கும் புரூஃப் நாணயங்களில் இந்தக் குறை பெரும்பாலும் வராது. ஒரே வில்லையை இரண்டு முறையோ அதற்கு மேலோ அழுத்துவார்கள். முதல் அடியில் எட்டாத மூலைக்கும் உலோகம் போய்ச் சேர்ந்துவிடும். அச்சின் சமதளத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, கட்டடம் உள்ள பகுதியை மட்டும் நுண்ணிய மணல் வீச்சாலோ லேசராலோ சொரசொரப்பாக்குவார்கள். பளபளப்பான தளம் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். சொரசொரப்பான கட்டடம் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். கட்டடம் வெண்மையாகவும் பின்னணி கறுப்பாகவும் தெரிவது இதனால்தான். நாணயத்தைச் சாய்த்து விளக்கொளி நேராகக் கண்ணுக்குத் திரும்பும்படி பிடித்தால், பின்னணி பளீரென்று மின்னி, கட்டடம் மங்கிப்போகும்.