கேபினெட்: அடைப்பு அல்ல, பெட்டி

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பற்றித் தமிழில் வந்த ஒரு கட்டுரையில் ‘திறந்த பின்புற அடைப்பு’ என்று படித்தேன். பின்பக்கம் திறந்த ஸ்பீக்கர் கேபினெட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது எனக்கு மூன்றாவது முறை. திறந்திருந்தால் அது எப்படி அடைப்பு?

கேபினெட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் சின்ன அறை. அந்த அறையில் கூடி ஆலோசனை சொன்னவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதால் அமைச்சரவை. சாமான் பூட்டி வைக்கும் அலமாரியும் அதுவே. பிறகு ஸ்பீக்கரைப் பொருத்தும் மரக்கூடுக்கும் வந்தது. கிட்டார் வாசிப்பவர்கள் ‘கேப்’ என்று சுருக்குவார்கள்.

அடைப்பு வந்தது என்க்ளோஷர் என்ற இன்னொரு ஆங்கிலச் சொல்லிலிருந்து. அகராதியைப் பார்த்தவர்கள் பொருளைப் பார்க்கவில்லை. நமக்கு அடைப்பு என்றால் சாக்கடையில் வருவது, இதயக் குழாயில் வருவது. எதையோ ஓடவிடாமல் தடுப்பது. கேபினெட் செய்வது வேறு வேலை. ஒருமுறை நண்பர் வீட்டில் 12 அங்குல ஸ்பீக்கரைக் கேபிலிருந்து கழற்றி, ஒயரைப் பிடுங்காமல் கையில் பிடித்துக்கொண்டு, கிட்டாரின் மிகத் தடித்த ஆறாவது கம்பியை மீட்டச் சொன்னேன். தகரத்தைத் தட்டியது போல இருந்தது. திரும்பப் பொருத்தியதும் அதே கம்பி தரையில் அதிர்ந்தது. அந்தக் கம்பியின் சுருதி சுமார் 82 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இடையில் பலகை இல்லாவிட்டால் இரண்டும் வளைந்து வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அலை இவ்வளவு நீளமாக இருப்பதால் முதலில் போவது அடித்தொனிதான்.

அப்புறம், பெட்டியின் அமைப்பே நாதத்தை மாற்றுகிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய காம்போக்களில், அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பவற்றில், பின்பக்கம் பாதி திறந்திருக்கும். ஒலி பின்னாலும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி மேடையெங்கும் பரவும்; அடித்தொனி கொஞ்சம் தளர்வாக இருக்கும். மார்ஷல் நிறுவனத்தின் நான்கு ஸ்பீக்கர் கேப் பின்னால் மூடியது. உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் போலக் கூம்பைப் பிடித்து நிறுத்துவதால் அடித்தொனி இறுகி, ஒலி நேராக முன்னால் பாயும். மரமும் பேசும்: பழைய ஃபெண்டர்களின் பைன் பலகை தானும் சேர்ந்து அதிரும், பிர்ச் பிளைவுட் விறைத்து நிற்கும். இது வாத்தியத்தின் ஓர் உறுப்பு. வீணையின் குடத்தை அடைப்பு என்று யாராவது சொல்வார்களா?

பழைய நூல்களில் யாழின் உறுப்பாக வரும் பத்தர் என்ற சொல்லை எடுக்கலாம் என்பார்கள் சிலர். அழகான சொல்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று பத்தர் என்றால் நகை செய்பவரைத்தான் நினைப்பார்கள்.

சரி, பெட்டி இருக்கிறதே! ஆர்மோனியத்தைப் பெட்டி என்றே சொல்கிறோம்; சுருதிப்பெட்டி இல்லாமல் கச்சேரி இல்லை. நாதம் வரும் மரக்கூடு பெட்டி என்பது நம் காதுக்குப் பழகிய விஷயம். தீப்பெட்டி, ரயில் பெட்டி என்று எங்கும் புழங்கும் சொல் என்பது குறையா? முன்னால் நிற்கும் சொல் பிரித்துக் காட்டிவிடும். ஸ்பீக்கர் பெட்டி, பின் திறந்த பெட்டி, பின் மூடிய பெட்டி. மைக் செட் கடையில் ‘பாக்ஸ்’ என்பதும் இதைத்தான்.

ஸ்பீக்கரை ஏன் ஒலிபெருக்கி என்று எழுதவில்லை என்று கேட்பீர்கள். பெருக்குவது ஆம்ப். ஸ்பீக்கர் மின்னோட்டத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒலிபெருக்கி என்றே போடுகிறார்கள். ‘ஒலிபெருக்கியை இணைக்காமல் ஒலிபெருக்கியை இயக்காதீர்கள்’ என்றால் புதிதாகக் கற்பவர் என்ன புரிந்துகொள்வார்? கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்பை ஸ்பீக்கர் பெட்டி இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போகலாம்.