பச்சை எரிகிறது, வால்வு மூடியதா?

மின் நிலைய கன்ட்ரோல் ரூமில் சிவப்பு என்றால் வால்வு திறந்திருக்கிறது, பச்சை என்றால் மூடியிருக்கிறது. தெரு சிக்னல் பார்த்துப் பழகியவர்களை இது முதல் வாரம் குழப்பும். அந்தக் குழப்பம் தீர்ந்தபின் வருவது வேறொரு பிழை: பச்சை எரிந்தால் வால்வு மூடிவிட்டது என்று நம்பிவிடுவது. அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் ஆக்சுவேட்டர் (வால்வை ஓட்டும் மோட்டார் யூனிட்) பெட்டிக்குள் ஒரு லிமிட் ஸ்விட்ச் அமுங்கியது மட்டும்தான். வழியை அடைக்கும் டிஸ்க், அது அமரும் வளையமான சீட்டில் உட்கார்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. விளக்கு காட்டியது, அந்த வால்வை இயக்கும் மின்காந்தமான சாலினாய்டுக்கு மின்சாரம் நின்றதை. ஆபரேட்டர்கள் அதை வால்வு மூடியதாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீர் வெளியேறி, உலை மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. நம் அனல் நிலையங்களில் விளைவு அவ்வளவு கொடியதாக இராது. ஆனால் ஏமாறும் விதம் அதேதான்.

மோட்டார் ஆக்சுவேட்டர் ஓட்டத்தை நிறுத்துவது இரண்டு: தூரத்தை அளக்கும் லிமிட் ஸ்விட்ச், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்விட்ச். வெட்ஜ் கேட் (ஆப்பு போல இறங்கும் டிஸ்க்), குளோப் (சீட்டின் மேல் நேராக அழுந்தும் டிஸ்க்) வால்வுகளை மூடும்போது டார்க் நிறுத்த வேண்டும், திறக்கும்போது லிமிட். திறப்பதையும் டார்க்கில் விட்டால் ஸ்டெம்மின் (டிஸ்க்கைத் தாங்கும் தண்டு) தோள், மேலே உள்ள பேக்சீட்டில் போய் இடிக்கும். அதனால் முழுத் திறப்புக்குச் சற்று முன்பே லிமிட்டை வைப்பார்கள். பேரலல் ஸ்லைடு வால்வு வேறு ரகம். அதில் டிஸ்க்கைச் சீட்டோடு அழுத்துவது லைனின் அழுத்தமே. அதை டார்க்கில் மூடினால் அடைப்பு அதிகமாகாது, பாகங்கள்தான் அடி வாங்கும். கூலிங் வாட்டர் லைனில் உள்ள ரப்பர் சீட் பட்டர்ஃபிளை வால்வும் பெரும்பாலும் லிமிட்டில் மூடுவதே. ஆக்சுவேட்டரைக் கழற்றி இன்னொரு வால்வில் மாட்டும் அவசரத்தில் இந்த வேறுபாடுதான் முதலில் மறந்துபோகிறது.

பாஸிங் (மூடிய வால்வு வழியே கசிவு) என்று புகார் வந்ததும் பலரும் செய்வது, டார்க் ஸ்விட்ச் வெட்டும் அளவை வைக்கும் டயலை ஒரு புள்ளி ஏற்றுவது. எங்கள் கணிப்பில் இது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. காரணம் எளிது. ஆக்சுவேட்டர் தருவது திருகும் விசை, சீட்டை அடைப்பதோ ஸ்டெம் நேராகத் தள்ளும் விசை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஸ்டெம்மின் மரையும் வெண்கல ஸ்டெம் நட்டும். 50 மி.மீ. விட்டம், 8 மி.மீ. பிட்ச் உள்ள ட்ரபீசாய்டல் மரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டார்க் ஸ்விட்ச் 300 நியூட்டன் மீட்டரில் வெட்டுகிறது. கிரீஸ் நன்றாக இருந்து உராய்வுக் குணகம் 0.10 என்றால் ஸ்டெம்மில் கிடைப்பது சுமார் 81 கிலோநியூட்டன், அதாவது 8 டன்னுக்கு மேல். கிரீஸ் காய்ந்து, சாம்பல் படிந்து, குணகம் 0.20 ஆனால் அதே 300-க்குக் கிடைப்பது சுமார் 49 கிலோநியூட்டன், 5 டன்தான். லைனில் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம் இருந்தால் அந்த ஸ்டெம்மை வெளியே தள்ளும் விசையே 2.9 டன். ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கின் உராய்வையும் கழித்துவிட்டால் சீட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். ஸ்விட்ச் வெட்டிவிட்டது, பச்சையும் எரிகிறது, நீராவியோ போய்க்கொண்டேயிருக்கிறது. இழை போலக் கசியும் நீராவி சீட்டில் கோடு கிழித்துவிட்டால் அப்புறம் எத்தனை டார்க் கொடுத்தாலும் அடைக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. காய்ந்த ஸ்டெம்மில் டயலை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறோம். அடுத்த ஓவராலில் வேறொருவர் நல்ல கிரீஸ் பூசுகிறார். இப்போது அதே டயல் எண்ணுக்குப் பல டன் கூடுதலாக இறங்குகிறது. ஸ்டெம் வளைவதும் ஆக்சுவேட்டரைத் தாங்கும் யோக் விரிசல் விடுவதும் இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை கிரீஸ். எல்.சி. (லைன் கிளியர், அதாவது வேலை அனுமதி) வாங்கி, ஸ்டெம்மைத் துடைப்பதற்கு முன் பழைய கிரீஸை விரலில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறத் துகள் மின்னினால் ஸ்டெம் நட்டின் மரை தேய்கிறது என்று பொருள். அதை மாற்றாமல் வேறு எது செய்தும் பயனில்லை. துகள் இல்லையென்றால் மரையைப் பள்ளம் வரை பிரஷால் சுத்தம் செய்து, ஆக்சுவேட்டர் கம்பெனி சொல்லும் உயர்வெப்ப கிரீஸை மெல்லப் பூசி, இரண்டு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். அடுத்தது கிளாண்ட் (பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி): ஒரு பக்க நட்டை மட்டும் இறுக்கியிருந்தால் அதன் அழுத்து வளையமான ஃபாலோயர் சாய்ந்து ஸ்டெம்மைப் பிடிக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் பாஸிங் நிற்காவிட்டால் டயலுக்கு வரலாம், அதுவும் கம்பெனி குறித்த உச்ச அளவுக்குள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வையுங்கள்.

திறப்பதில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. சீட்டில் இறுகிய டிஸ்க்கைப் பெயர்த்தெடுக்க, நடுவழியில் ஓட்டுவதைவிட அதிக டார்க் வேண்டும். அந்த நேரத்தில் டார்க் ஸ்விட்ச் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் கான்டாக்ட் வைத்திருப்பார்கள். வால்வு கிளம்பிக் கொஞ்சம் நகர்ந்தபின் அது விலகும். இந்தத் தூரம் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985 ஜூன் 9 அன்று ஓஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம் சாட்சி. நீராவி உண்டாக்கும் கலனுக்குப் போகும் மெயின் ஃபீட் வாட்டர் நின்றது. அவசரத்தில் ஆபரேட்டர் தவறான பட்டன்களை அழுத்தியதில் துணை ஃபீட் வாட்டர் வால்வுகள் மூடிக்கொண்டன. திறக்கச் சொன்னபோது திறக்கவில்லை. ஆட்கள் ஓடிப்போய்க் கையால் திறந்தார்கள். பைபாஸ் செட்டிங் தவறாக இருந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. லைனில் அழுத்தம் இல்லாதபோது இப்படிப்பட்ட வால்வு நன்றாகவே ஓடிக் காட்டும். முழு அழுத்த வித்தியாசம் வரும்போதுதான் மறுக்கும். செட் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஹேண்ட்வீலைத் திருப்பும் முதல் சில சுற்றுகள் வெறும் தளர்வு. ஸ்டெம் நகரத் தொடங்கிய இடத்திலிருந்துதான் தூரத்தை எண்ண வேண்டும்.

சூடாக மூடிய வெட்ஜ் கேட் வால்வு ஆறும்போது, உடல் சுருங்கி வெட்ஜைக் கவ்விக்கொள்ளும். மீண்டும் சூடேறும்போது பானெட்டுக்குள் (வால்வின் மேல் மூடி) அடைபட்ட நீர் விரிந்து இரண்டு டிஸ்க்கையும் சீட்டோடு அழுத்தும். இரண்டுக்கும் மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வது மருந்தல்ல. ஹேண்ட்வீலில் பைப்பை மாட்டி நெம்புவதும் அப்படியே. வெட்ஜைக் கவ்வியிருந்தால், வால்வைச் சுற்றிப் போகும் சிறு குழாயின் பைபாஸ் வால்வைத் திறந்து சூடேற்றி, இருபுறமும் அழுத்தத்தைச் சமன் செய்துவிட்டுத் திறக்க வேண்டும். பானெட்டில் நீர் அடைபட்டிருந்தால் அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறக்க வேண்டும்.

மோட்டாரைக் கழற்றி மாட்டியபின் செய்யும் முதல் சோதனையை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள். வால்வைக் கையால் பாதித் திறப்பில் வைத்து, ஓப்பன் பட்டனை ஒரு நொடி அழுத்தி விட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். இரண்டு ஃபேஸ் மாறியிருந்தால் ஓப்பன் கட்டளைக்கு வால்வு மூடும். மூடும் பக்கத்து டார்க் ஸ்விட்ச் வெட்டும்தான், ஆனால் அது இருப்பது குளோஸ் கான்டாக்டரின் (மூடும் பக்கம் மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச்) சர்க்யூட்டில். ஓடிக்கொண்டிருப்பது ஓப்பன் கான்டாக்டர். ஓவர்லோட் ரிலே விழும்வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளேயே ஸ்டார்ட்டர் உள்ள புதிய யூனிட்டுகள் பலவற்றில் ஃபேஸ் வரிசையைத் தானே திருத்தும் வசதி உண்டு. எம்.சி.சி.யிலிருந்து (பல மோட்டார்களின் ஸ்டார்ட்டர்கள் உள்ள போர்டு) ஓடும் பழைய யூனிட்டுகளில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

பயன்படாத கேபிள் துளையில் பார்சலில் வந்த பிளாஸ்டிக் மூடியை அப்படியே விடுவதும், ஸ்பேஸ் ஹீட்டருக்கு சப்ளை கொடுக்க மறப்பதும் பெட்டிக்குள் ஈரத்தை வரவழைக்கும். உலோக பிளக் போட்டு, ஹீட்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

காற்றில் ஓடும் கன்ட்ரோல் வால்வுகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று போனால் எது எங்கே நிற்கும் என்பது. நீராவியின் சூட்டைக் குறைக்க நீர் தெளிக்கும் சூப்பர்ஹீட்டர் ஸ்பிரே வால்வு மூடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் டர்பைனை நோக்கித் தண்ணீர் போகும். ஃபீட் பம்பின் நீரைத் திருப்பி அனுப்பும் ரீசர்க்குலேஷன் வால்வு திறக்க வேண்டும், இல்லையேல் பம்புக்குள் நீர் கொதித்துவிடும். கிளாண்ட் கசிகிறது என்று பேக்கிங்கை இறுக்கியபின் வால்வு ஹண்டிங் செய்தால் (ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால்) கன்ட்ரோலர் டியூனிங்கில் கை வைக்காதீர்கள். கன்ட்ரோல் சிக்னலை 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியர் என ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் 12-இல் நிற்கும் இடம் வெகுவாக வேறுபட்டால் பேக்கிங்தான் ஸ்டெம்மைப் பிடிக்கிறது. அதே சோதனையில், திரையில் வரும் சதவீதத்தை யோக்கில் உள்ள ஸ்கேலோடு ஒப்பிடுங்கள். பொசிஷனரின் (சிக்னலுக்கேற்ற இடத்தில் வால்வை நிறுத்தும் கருவி) ஃபீட்பேக் கை தளர்ந்திருந்தால் அது வால்வு நகரவே இல்லை என்று எண்ணி, முழுத் திறப்புக்கோ முழு மூடலுக்கோ தள்ளிவிடும். பொசிஷன் டிரான்ஸ்மிட்டரும் அதே கையில் தொங்குவதால் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலுக்கு முன்னால் வாக்கிடாக்கியோடு ஒருவர், திரைக்கு முன்னால் ஒருவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.