பூனை கற்றுக்கொள்ளும் அந்த ஒரு நொடி

நாயைப் பழக்கலாம், பூனை யார் பேச்சையும் கேட்காது என்று பலரும் நம்புகிறோம். ஆனால் விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக்குக்குப் பெரிதும் கைகொடுத்தவை பூனைகள்தான்.

பசித்த பூனையை ஒரு மரப்பெட்டிக்குள் விடுவார். வெளியே தீனி இருக்கும். உள்ளே தொங்கும் வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிறாண்டும், கடிக்கும், சட்டங்களின் இடுக்கில் நுழையப் பார்க்கும். அந்தக் களேபரத்தில் கால் தற்செயலாக வளையத்தில் மாட்டி, கதவு திறந்துகொள்ளும். அதே பெட்டியில் மறுபடி மறுபடி விட்டபோது வீண் முயற்சிகள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. கடைசியில் உள்ளே விட்டதுமே நேராக வளையத்துக்குப் போனது. திடீரென்று புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. பலன் தந்த செயல் நிலைத்தது, மற்றவை தேய்ந்தன. 1898-இல் தார்ண்டைக் இதை வெளியிட்டார். இன்றைய பரிசுவழிப் பயிற்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் 1990-களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் துடிக்கின்றன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரிந்தால், கொஞ்ச நாளில் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. அதாவது, பரிசைவிட அதற்கு முன்னால் வரும் அறிகுறிதான் மூளைக்குப் பெரிய செய்தியாகிறது.

அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவி இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறது. பூனை உட்காருகிறது, நீங்கள் டப்பாவைத் திறந்து மீனை எடுப்பதற்குள் அது எழுந்து உங்கள் காலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் கொடுக்கும் மீன், காலைச் சுற்றியதற்கான பரிசாகிவிடுகிறது! உட்கார்ந்த அதே நொடியில் ‘டிக்’ என்று ஒலித்தால் எந்தச் செயலுக்குப் பரிசு என்பது தெளிவாகும். முதலில் ஒலி, உடனே தீனி என்று சில தடவை பழக்கிவிட்டால் போதும். பேனாவின் பொத்தான் சத்தமே இதற்குப் போதுமானது.

பரிசு எது என்பதும் முக்கியம். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரவேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். ஆகவே பிஸ்கட் வேண்டாம். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த மீனோ கோழியோ, பட்டாணியைவிடச் சிறிய துண்டுகளாக, சாப்பாட்டு வேளைக்கு முன் கொடுங்கள். ஒரு தடவைப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்தில் இருந்த 100 பூனைகளுக்கு இப்படி ஐந்தைந்து நிமிடப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டே வாரங்களில் பெரும்பாலானவை நீட்டிய குச்சியை மூக்கால் தொடக் கற்றுக்கொண்டன. வித்தை காட்டுவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வியன்னாவில் நடந்த இன்னோர் ஆய்வு. பயணக்கூண்டுக்குள் தானாகவே போய் உட்காரப் பழக்கிய பூனைகள் கார் பயணத்தில் குறைவாகவே பதறின. மருத்துவரின் பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது. கூண்டைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடும் பூனையைத் துரத்திப் பிடித்துத் திணிப்பதை நாம் விட்டே ஆக வேண்டும். அந்தத் துரத்தலில் பூனை கற்பது ஒன்றே: கூண்டும் ஆபத்து, நீங்களும் ஆபத்து. தண்ணீர் பீய்ச்சுவதும் அதட்டுவதும் அப்படித்தான்.

இந்தக் கற்றல் நமக்குத் தெரியாமலும் நடந்துகொண்டே இருக்கிறது. நெம்புகோலை அழுத்தினால் தீனி என்று எலிகளைப் பழக்கி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், தீனி உருண்டைகள் தீர்ந்துவிடும்போலிருந்த ஒரு நாள், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுத்தார். எலிகள் நிறுத்தவில்லை, தொடர்ந்து அழுத்தின. எப்போதாவது கிடைக்கும் பரிசு, பழக்கத்தை இன்னும் இறுக்குகிறது என்பது பிறகு தெளிவானது. விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தும் பூனைக்குப் பல நாள் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து தீனி வைக்கிறோமே, அதுவும் இதேதான். சரி, நிறுத்துவது எப்படி? கடைசி வேளைத் தீனியைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளுங்கள். காலைத் தீனியைக் கத்தலுக்குப் பதிலாக அலாரச் சத்தத்தோடு இணையுங்கள். முதல் சில நாள் கத்தல் முன்பைவிடக் கூடும்; வழக்கமான பலன் நின்றதும் விலங்கு இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு. அந்த நாட்களில் மட்டும் எழுந்துவிடாதீர்கள்.