கர்ப்பத்தில் போடும் ஊசி பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பேச்சு உண்டு. "தாய்ப்பால்தானே கொடுக்கப்போறேன், அப்புறம் எதுக்கு வயித்துப்பிள்ளையோட ஊசி?" நியாயமான கேள்விதான். ஆனால் ஊசியும் பாலும் காப்பது வேறு வேறு இடங்களை.

கக்குவான் இருமல் ஊசி போட்ட இரண்டு வாரத்தில் தாயின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் பெருகிவிடும். அதில் ஐஜிஜி என்ற வகையை மட்டும் நஞ்சுக்கொடியின் செல்களில் உள்ள ஓர் ஏற்பி பற்றி உள்ளே இழுத்து, மறுபக்கம் பிள்ளையின் ரத்தத்தில் விடுகிறது. இது 13 வாரம் வாக்கில் மெல்லத் தொடங்கி 28க்குப் பிறகு வேகமெடுக்கிறது, மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைக்குத் தாயைவிடக் கூடுதலாகவே ஐஜிஜி இருக்கும். அமெரிக்காவில் 27 முதல் 36 வாரத்துக்குள் இந்த ஊசியைப் போடச் சொல்வது அதனால்தான். தாயிடம் அளவு குறைந்துகொண்டே வருவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? நம் நாட்டில் கக்குவானுக்குப் பிள்ளையின் முதல் ஊசியே 2 மாதத்தில்தான். அதற்குள் நோய் தொற்றினால் சிசு இருமக்கூடச் செய்யாமல், மூச்சு நின்று நீலம் பாரித்துப் போகலாம். சளிக்காய்ச்சல் ஊசியோ 6 மாதம் வரை பிள்ளைக்குக் கிடையாது, தாய் போட்டுக்கொள்வதே முக்கிய வழி.

சரி, பால்? அதில் மிகுந்திருப்பது ஐஜிஏ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள். வாய், தொண்டை, குடல் உட்சுவரில் சாயம் பூசினாற்போல் படிந்து, கிருமி ஒட்டவிடாமல் தடுக்கும், ரத்தத்துக்குள் பெரிதாகப் போகாது. தாயின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் கிருமிகளைச் சந்தித்த செல்கள் மார்புக்கு வந்து அந்த எதிர்ப்பொருள்களைச் சுரப்பதால், அந்த வீட்டில் உலவும் கிருமிக்கே ஏற்ற பாலாக அது அமைகிறது. சீம்பாலில் இது மிக அதிகம். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத் தேனும் சீனித்தண்ணீரும் நாக்கில் தொட்டு வைப்பதை இன்னும் செய்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம்.

கிளினிக்கில் போடும் ஏடிடி ஊசி டெட்டனஸுக்கு மட்டும்தான். கக்குவானும் சேர்ந்த டிடாப் ஊசியைப் பற்றி மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேளுங்கள். அம்மை, ரூபெல்லா ஊசிகள் உயிருள்ள கிருமியால் ஆனவை, கர்ப்பத்தில் கூடாது, பிரசவத்துக்குப் பின் பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். தாய் தந்த ஐஜிஜி சில மாதங்களில் கரைந்துவிடும், ஆகவே பத்தியம் முடியட்டும் என்று பிள்ளையின் 2 மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.