கண்ணாடி மாளிகையின் வடிகால் மரம்

கண்ணாடிக் கூரை என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதைக் கட்டுபவருக்குப் பெரிய தலைவலி தண்ணீர். வெளியே மழை. உள்ளேயோ, வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, வியர்த்துச் சொட்டும். கண்ணாடிக் குடிலில் செடி வளர்த்தவருக்கு அந்தச் சொட்டு நன்றாகத் தெரியும்.

ஜோசப் பாக்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. 1803-இல் பெட்ஃபோர்டுஷயரில் பிறந்தவர். 1826-இல் டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரராக வந்தபோது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. அங்கே அவர் கட்டிய குடில்களின் கூரை தட்டையாக இருக்காது. வயலில் பார் பிடித்தது போல மேடும் பள்ளமுமாக ஓடும். காலை, மாலைச் சாய்வெயில் அந்தச் சரிவுகளில் நேராக விழும். உச்சிவெயில் சாய்வாகப் பட்டு, செடியைப் பொசுக்காமல் விடும். லவுடன் என்பவர் முன்பே சொன்ன யோசனை இது. பாக்ஸ்டன் அதை வேலைக்கு ஆகும்படி செய்தார்.

1851 லண்டன் பொருட்காட்சிக்காகப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையைப் பற்றிப் பேசுகிறவர்கள், ராட்சத அல்லி இலையின் நரம்புகளைப் பார்த்து அவர் கற்றதைத்தான் சொல்வார்கள். என்னை மலைக்க வைப்பது அந்தக் கூரையின் வடிகால் மரம். கூரையின் பள்ளம்தோறும் ஒரு மரச்சட்டம். அதன் மேல்முகத்தில் மழைநீருக்கு ஒரு பெரிய பள்ளம், பக்கங்களில் கண்ணாடியின் உள்வியர்வைக்கு இரண்டு சிறிய பள்ளங்கள். அடியில் இரும்புக் கம்பியை முறுக்கி இழுத்ததால் சட்டம் நடுவில் லேசாக மேலே வளையும்; தண்ணீர் தானாக இரு முனைக்கும் ஓடும். அப்புறம் பெரிய வடிகால் வழியாக, உள்ளே குழாய் போல வெற்றிடமாக வார்த்த இரும்புத் தூண்களுக்குள் இறங்கிவிடும். கண்ணாடியைத் தாங்கும் உத்தரமும் அதே மரம்தான். கண்ணாடி பதிக்கும் ஆட்கள் உட்கார்ந்து நகர்ந்த வண்டிக்குத் தண்டவாளமும் அதுவே! ஒரே அளவில் இயந்திரத்தால் அறுத்த சட்டங்கள் என்பதால், 1,848 அடி நீளக் கட்டடம் ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டது.

பாக்ஸ்டன் வணிகமும் அறிந்தவர். ரயில்வேயில் முதலீடு செய்தார், இயக்குநராகவும் இருந்தார். கூரை முறைக்கு 1850-இல் காப்புரிமை வாங்கினார். 1858-இல் இன்னொன்று: சாதாரண வீட்டுக்காரரும் வாங்கக்கூடிய, கழற்றி வேறு இடத்தில் மாட்டக்கூடிய சின்னக் கண்ணாடிக் குடில். ‘லட்சோபலட்சம் பேருக்கான குடில்’ என்று சொல்லி அதை விற்றார்கள்.